அந்த 12 மணி நேரம் எதற்கு? தொலைநோக்கி விண்ணப்பத்தின் உள்கணக்கு

2024 அக்டோபரில் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் நான்காம் சுற்றில் பார்வை நேரம் கேட்பதற்கான கெடு முடிந்தபோது 2,377 விண்ணப்பங்கள் வந்து சேர்ந்திருந்தன. எல்லோரும் கேட்ட நேரத்தைக் கூட்டினால் சுமார் 78,000 மணி நேரம் வருகிறது. ஒரு வருடத்துக்கு மொத்தமே 8,760 மணி நேரம்தான். கையில் இருந்ததைப்போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு கேட்டிருந்தார்கள். வெப் ஓர் உச்சம் என்பது உண்மை. தரையில் உள்ள பெரிய தொலைநோக்கிகளில் பொதுவாக இவ்வளவு நெரிசல் இருக்காது. ஆனாலும் அங்கேயும் இருக்கும் இரவுகளைவிடக் கேட்கும் இரவுகள் பல மடங்கு அதிகம்.

படிவம் ஏன் இப்படி இருக்கிறது என்பதை இந்த நெரிசலிலிருந்துதான் புரிந்துகொள்ள முடியும். வருவதில் பாதி குப்பையாக இருந்தால் விண்ணப்பங்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவின் வேலை சுலபம், நல்லதைப் பொறுக்கி எடுத்துவிடலாம். இங்கே வருவதில் பெரும்பாலானவை நல்ல அறிவியல். அதனால் படிப்பவர் தேடுவது ஒன்றை ஒதுக்கிவைக்க ஒரு நியாயமான காரணத்தை. படிவத்தின் ஒவ்வொரு பெட்டியும் அப்படி ஒரு காரணம் கிடைக்கக்கூடிய இடம். புதிதாக எழுதுபவர்கள் அறிவியல் பகுதியைச் செதுக்கிச் செதுக்கி எழுதிவிட்டு, நேரக் கணக்கைக் கடைசி ராத்திரியில் நிரப்புகிறார்கள். என் பார்வையில் இது தலைகீழ். கேட்கும் மணி நேரத்தை உங்களால் நியாயப்படுத்த முடிந்தால் உங்கள் கேள்வி தெளிவாக இருக்கிறது என்று அர்த்தம். முடியவில்லை என்றால் கேள்வியே இன்னும் சரியாக உருவாகவில்லை.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெரும்பாலான தொலைநோக்கிகள் ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு முறை அழைப்பு விடுகின்றன. ஐரோப்பிய தெற்கு வான்காணகமான ஈஎஸ்ஓவின் கணக்கில் ஒரு பருவம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அடுத்தது அக்டோபர் முதல் மார்ச் வரை. ஹப்பிளும் வெப்பும், சிலியில் உள்ள ரேடியோ தொலைநோக்கி வரிசையான ஆல்மாவும் ஆண்டுக்கு ஒரு சுற்று. விண்ணப்பம் இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் என்ன பார்க்க வேண்டும், ஏன், எவ்வளவு நேரம் என்று கேட்கிறார்கள். நேரம் கிடைத்தவர்கள் மட்டும் இரண்டாம் கட்டத்தில் ஒவ்வொரு எக்ஸ்போஷரையும், அதாவது ஒரு தடவை ஒளி சேர்ப்பதையும், வினாடிக் கணக்கில் எழுதித் தர வேண்டும். முதல் கட்டப் படிவத்தில் தலைப்பு, சுருக்கம், இலக்குகளின் பட்டியல், கருவி, தேவையான வானிலை, கேட்கும் நேரம் இவற்றோடு சில பக்கங்களுக்கு மிகாத விளக்கக் கோப்பு ஒன்றும் இருக்கும். பக்க எல்லையைத் தாண்டினால் தயவு தாட்சண்யம் கிடையாது. எழுத்தின் அளவைக் குறைத்து ஏமாற்றிவிடலாம் என்று நினைப்பவர்களுக்காக, எழுத்தளவுக்கும் பல இடங்களில் விதி வைத்திருக்கிறார்கள்.

சரி, இதைப் படிப்பது யார்? உங்களைப் போன்ற வானியலாளர்கள்தான், ஆனால் உங்கள் துறைக்காரர்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. விண்மீன்களுக்கான குழுவில் எரிந்து முடிந்த விண்மீன்களின் மிச்சமான வெள்ளைக் குள்ளன்களை ஆராய்பவரும் இருப்பார், இப்போதுதான் பிறந்துகொண்டிருக்கும் விண்மீன்களைப் பார்ப்பவரும் இருப்பார். தன் வேலைக்கு நடுவே ஒவ்வொருவர் மேசையிலும் ஒரு கட்டு விண்ணப்பம். இதை மனத்தில் வைத்துத்தான் முதல் பத்தியை எழுத வேண்டும். “பேரண்டத்தின் தோற்றம் மனித குலத்தின் ஆதிக் கேள்வி” என்று ஆரம்பிப்பவர், பக்கத்தின் மிக விலை உயர்ந்த நான்கு வரிகளை எல்லோருக்கும் தெரிந்த விஷயத்துக்குச் செலவழிக்கிறார். எதிர்ப்பக்கமும் உண்டு. எட்டுச் சுருக்கெழுத்துகளை அடுக்கி ஆரம்பித்தால், பக்கத்துத் துறைக்காரர் இரண்டாம் வரியிலேயே கழன்றுகொள்வார்.

படிக்கும் முறையே இப்போது மாறிவருகிறது. எண்ணிக்கை பெருகப் பெருக, குழு உறுப்பினர்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. விண்ணப்பித்தவர்களே ஒருவர் விண்ணப்பத்தை ஒருவர் படித்து வரிசைப்படுத்தட்டும் என்ற யோசனையை 2009-ல் மைக்கேல் மெரிஃபீல்டும் டொனால்ட் சாரியும் முன்வைத்தார்கள். அப்போது பலருக்கு அது விபரீதமாகப் பட்டிருக்கலாம். ஜெமினி வான்காணகம் 2015-ல் தொடங்கிய மாதாந்திர விரைவுத் திட்டத்தில் அதைச் செய்து பார்த்தது. 2021 சுற்றிலிருந்து ஆல்மா பெரும்பாலான விண்ணப்பங்களுக்கு இதையே கடைப்பிடிக்கிறது. அடுத்த ஆண்டு ஈஎஸ்ஓவும் ஒரு பகுதி விண்ணப்பங்களுக்கு இதற்கு வந்தது. ஆல்மாவில் ஒரு விண்ணப்பம் போட்டால் உங்கள் தரப்பிலிருந்து ஒருவர் வேறு பத்து விண்ணப்பங்களைப் படித்து, ஒன்று முதல் பத்து வரை வரிசை போட்டு, ஒவ்வொன்றுக்கும் கருத்து எழுத வேண்டும். நாள் தவறினால் உங்கள் விண்ணப்பமே தள்ளுபடி. போட்டியாளரைக் கீழே தள்ளிவிட மாட்டார்களா என்று கேட்கலாம். ஒரு விண்ணப்பத்தைப் பத்துப் பேர் அளவில் பார்ப்பதால் ஒருவரின் ஓரவஞ்சனை பெரிதாக எடுபடாது. இந்த முறையின் உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: பத்து விண்ணப்பங்களைப் படித்து முடித்தவர் அடுத்த முறை தன்னுடையதைக் கட்டாயம் வேறு மாதிரி எழுதுவார்.

எழுதுபவர் யார் என்பதே தெரியாமல் படிக்கும் வழக்கமும் வந்துவிட்டது. ஹப்பிளின் பத்தாண்டுக்கு மேற்பட்ட சுற்றுகளை அலசியபோது, பெண்கள் தலைமையில் வந்த விண்ணப்பங்களின் வெற்றி விகிதம் சுற்றுக்குச் சுற்று ஆண்களுடையதைவிடக் குறைவாகவே இருந்தது. வித்தியாசம் சிறியதுதான், ஆனால் விடாமல் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. 2018-ல் ஹப்பிள் பெயர்களை இரு பக்கமும் முழுமையாக மறைத்தது. அந்தச் சுற்றில் பெண்களின் விகிதம் முதல் தடவையாக ஆண்களுடையதைச் சற்றுத் தாண்டியது. பெயரைத் தெரிந்துகொண்டு படிக்கும்போது குழுவின் பேச்சு “இவர்களால் முடியும், நல்ல ஆட்கள்” என்ற பக்கம் நழுவிவிடும். பெயர் இல்லாவிட்டால் பேச வேறு வழியில்லாமல் அறிவியலைப் பேசுகிறார்கள். இதற்காக எழுத்தில் ஒரு பழக்கத்தை விட வேண்டும். “எங்கள் முந்தைய ஆய்வில் கண்டதுபோல” என்று எழுதக் கூடாது. “மூன்றாம் மேற்கோளில் காட்டப்பட்டதுபோல” என்று மூன்றாம் மனிதர்போல எழுத வேண்டும். இன்னும் வெளியிடாத தரவு கையில் இருந்தால் அதன் சொந்தக்காரர் யார் என்று காட்டாமல் குறிப்பிட வேண்டும். குழுவின் தகுதியைச் சொல்ல ஹப்பிள், வெப் விண்ணப்பங்களில் தனிப் பகுதி உண்டு. தரவரிசை முடிந்த பிறகுதான் அதைத் திறப்பார்கள்.

இனி அறிவியல் பகுதி. இதில் எல்லா அழைப்பும் கேட்பது ஒன்றைத்தான்: பார்த்தபின் என்ன தெரிந்திருக்கும்? “இந்த விண்மீன் மண்டலங்களைப் பற்றிய நம் புரிதல் மேம்படும்” என்பது பதிலாகாது. இரண்டு கருத்துகள் மோதுகின்றன, இந்த அளவீடு இப்படி வந்தால் ஒன்று சாகும், அப்படி வந்தால் மற்றது சாகும் என்று எழுத முடிந்தால் அது பதில். ஒன்றுமே தென்படாமல் போனாலும் அதுவும் ஒரு முடிவாகிற மாதிரி கேள்வியை அமைத்தவர்களுக்குக் குழு தைரியமாக நேரம் கொடுக்கும். இதற்கு மேல் பொதுவாகச் சொல்ல அதிகம் இல்லை. கணக்குக்கு வருவோம்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட ஒரு வகை விண்மீன் மண்டலங்களைச் சுற்றி மங்கலான வாயு வளையம் இருக்கிறதா என்பது கேள்வி. ஒரு கோட்பாட்டின்படி பாதி மண்டலங்களில் வளையம் இருக்க வேண்டும். இன்னொன்றின்படி பத்தில் ஒன்றில்தான். எத்தனை மண்டலங்களைப் பார்க்க வேண்டும்? ஐந்து போதும் என்று ஒருவர் எழுதுகிறார். ஐந்தில் ஒன்றில் மட்டும் வளையம் தெரிந்தால் என்ன சொல்வார்? முதல் கோட்பாடு சரியாக இருந்தாலும் அப்படி நடக்க சுமார் 16 சதவீத வாய்ப்பு உண்டு, இரண்டாவது சரியாக இருந்தால் 33 சதவீதம். ஒன்றும் சொல்ல முடியாது. ஐந்து மண்டலங்களுக்கான நேரமும் வீண். பன்னிரண்டு என்று வைத்துப் பாருங்கள். பத்தில் ஒன்று என்பது உண்மையானால் நான்கோ அதற்கு மேலோ தென்பட 3 சதவீத வாய்ப்புகூட இல்லை. பாதி என்பது உண்மையானால் மூன்றோ அதற்குக் கீழோ தென்பட 7 சதவீதம். இப்போது கோடு கிழித்துச் சொல்லலாம். “ஏன் பன்னிரண்டு?” என்று குழு கேட்பதற்கு முன்பே இந்த நான்கு வரிகள் விண்ணப்பத்தில் இருந்தால், அந்தப் பெட்டியில் ஒதுக்கிவைக்கக் காரணம் கிடைக்காது. இருபத்தைந்து கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்: பாதியிலேயே விடை தெரிந்துவிடும்போது மீதி எதற்கு?

அடுத்து, ஒரு மண்டலத்துக்கு எவ்வளவு நேரம்? இதற்கு ஒவ்வொரு கருவிக்கும் எக்ஸ்போஷர் கணிப்பான் ஒன்று இணையத்தில் இருக்கும். இலக்கின் பிரகாசம், அலைநீளம், வானத்தின் நிலை எல்லாவற்றையும் கொடுத்தால், சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் எவ்வளவு வரும் என்று சொல்லும். இங்கே கொஞ்சம் கொடூரமான கணிதம் ஒன்று வேலை செய்கிறது. மங்கலான பொருளைப் பார்க்கும்போது இந்த விகிதம் நேரத்தின் வர்க்கமூலமாகத்தான் வளரும். விகிதத்தை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு நேரம் வேண்டும். பொருள் ஒரே ஒரு மேக்னிட்யூட் மங்கலாக இருந்தால், அதாவது வரும் ஒளி இரண்டரை மடங்கு குறைந்தால், வானத்தின் பின்னணி ஒளி மேலோங்கிய நிலையில் அதே தரத்துக்கு ஆறு மடங்குக்கும் மேல் நேரம் பிடிக்கும். ஆகவே “விகிதம் 10 வேண்டும்” என்று போகிறபோக்கில் எழுதுவது ஆபத்து. 5 போதுமா, 10 வேண்டுமா என்பது நான்கு மடங்கு வித்தியாசம். வளையம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்க 5 போதும் என்றால் 5 கேளுங்கள். அது சுழலும் வேகத்தையும் அளக்கப் போகிறீர்கள், அதற்குத்தான் 10 என்றால் அதைச் சொல்லுங்கள். கணிப்பானில் என்னென்ன எண்களைக் கொடுத்தீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். சந்தேகப்படுபவர் தானே போட்டுப் பார்க்கட்டும்.

கணிப்பான் ஒரு மண்டலத்துக்கு 40 நிமிடம் என்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12 மண்டலம், 480 நிமிடம், 8 மணி நேரம். இதை அப்படியே படிவத்தில் போட்டால் தப்பு. தொலைநோக்கி திரும்ப வேண்டும், வழிகாட்டி நட்சத்திரத்தைப் பிடிக்க வேண்டும், ஒளியை உள்ளே விடும் குறுகிய பிளவு சரியாகப் பொருள்மேல் விழுகிறதா என்று பார்க்க வேண்டும், ஒவ்வொரு எக்ஸ்போஷருக்குப் பிறகும் டிடெக்டரிலிருந்து தரவை வாசித்து எடுக்க வேண்டும். இதையெல்லாம் ஓவர்ஹெட் என்பார்கள். ஒரு மண்டலத்துக்கு 20 நிமிடம் இதற்கே போனால், உண்மையான தேவை 12 மணி நேரம். எட்டு மட்டும் கேட்டு, எட்டே கிடைத்தால், நான்கு மண்டலங்களை விட வேண்டிவரும். மேலே போட்ட புள்ளியியல் அத்தோடு கவிழ்ந்துவிடும். வெப்பில் இது இன்னும் கறார். ஓர் இலக்குக்குத் திரும்புவதற்கு 1,800 வினாடி கணக்கில் ஏறிவிடுகிறது. ஐந்து நிமிடத்தில் முடியும் பிரகாசமான நட்சத்திரத்துக்கும் அரை மணி நேரத்துக்கு மேல் செலவு. தூரம் தூரமாகச் சிதறிய நூறு பிரகாசமான இலக்குகளுக்கு வெப் ஏன் ஒத்துவராது என்பது இந்த ஒரு எண்ணிலேயே தெரிந்துவிடும். ஹப்பிளில் அலகே வேறு. அங்கே மணிக்கணக்கு கிடையாது, பூமியைச் சுற்றிவரும் சுற்றுகளாகக் கேட்க வேண்டும். ஒரு சுற்று சுமார் 95 நிமிடம். வானத்தின் பெரும்பகுதிக்கு அதில் ஒரு பங்கு நேரம் பூமியே குறுக்கே நின்று இலக்கை மறைத்துவிடும்.

பலர் கவனிக்காமல் விடும் இன்னொரு கணக்கு, இலக்கு எப்போது மேலே வரும் என்பது. திருவாதிரை நட்சத்திரம் இருக்கும் ஓரியன் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வல ஏற்றம், அதாவது வானத்தில் அதன் கிழக்கு–மேற்கு இடத்தை மணிக்கணக்கில் சொல்லும் அளவு, ஐந்தரை மணி அளவில். டிசம்பரில் நள்ளிரவில் உச்சிக்கு வரும். ஏப்ரல்–செப்டம்பர் பருவத்துக்கு இதைக் கேட்டால் என்ன ஆகும்? ஏப்ரலில் இருட்டிக் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும், ஜூனில் சூரியனோடு சேர்ந்தே நிற்கும், ஜூலை கடைசியில்தான் விடியலுக்கு முன் எட்டிப் பார்க்கும். தொழில்நுட்பச் சோதனையிலேயே அடிபட்டுப்போகலாம். அடிவானத்திலிருந்து 30 பாகைக்குக் கீழே இறங்கினால் ஒளி கடந்துவரும் காற்றின் தடிமன் உச்சியில் இருப்பதைப்போல இரட்டிப்பைத் தாண்டிவிடும் என்பதால் அங்கே பார்ப்பதையும் தவிர்ப்பார்கள். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வானத்தின் எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே போட்டி கிடையாது. நம் பால்வீதியின் மையம் ஜூன் வாக்கில் இரவு முழுக்கக் கிடைக்கும், அந்த மாதங்களில் அதற்கு அடிதடி. தொலைதூர விண்மீன் மண்டலங்களைப் பார்ப்பவர்கள் எல்லோரும் சந்திரா ஆழ்புலம், காஸ்மோஸ் புலம் என்ற ஒரு சில வானத் துண்டுகளிலேயே குவிகிறார்கள், ஏனென்றால் மற்ற தொலைநோக்கிகளின் தரவு ஏற்கெனவே அங்கேதான் குவிந்திருக்கிறது. இலக்கை எங்கிருந்து வேண்டுமானாலும் பொறுக்கலாம் என்ற நிலையில் இருப்பவர், கூட்டம் குறைந்த வல ஏற்றத்தில் பொறுக்கினால் வாய்ப்பு கூடும். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

வானிலைப் பெட்டியிலும் பேராசை கூடாது. இரவுகளை நிலவொளி இல்லாதவை, அரைகுறை, நிலவுள்ளவை என்று பிரிப்பார்கள். நீல ஒளியில் மங்கலான பொருளைப் பார்ப்பவருக்கு இருள் இரவு உயிர்நாடி. அகச்சிவப்பில் பார்ப்பவருக்கு நிலா பெரும்பாலும் ஒரு பொருட்டே இல்லை, இருந்தும் பழக்கதோஷத்தில் இருள் இரவு கேட்டுத் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறார். ஜெமினியில் இந்த நிபந்தனைகளை நேரடியாகச் சதவீதமாகவே கேட்கிறார்கள். படத் துல்லியத்துக்கு மிகச் சிறந்த 20 சதவீத நேரம், மேகமற்ற 50 சதவீத நேரம், வானம் மிக இருண்ட 20 சதவீத நேரம் என்று மூன்றையும் ஒருவர் டிக் செய்தால், மூன்றும் ஒன்றாக அமைவது தோராயமாகப் பெருக்கிப் பார்த்தால் 2 சதவீதம். அனுமதி கிடைத்தாலும் அந்தப் பருவத்தில் அப்படி ஓர் இரவு வராமலே போகலாம். நிபந்தனையைத் தளர்த்தி நேரத்தைச் சற்றுக் கூட்டிக் கேட்பது பல சமயம் புத்திசாலித்தனம். நேரில் போய்ப் பார்க்கும் முறையில் இன்னொரு சூது இருக்கிறது. குறித்த இரவில் மேகம் மூடினால் அந்த இரவு போனதுதான், பொதுவாக ஈடு தர மாட்டார்கள். வரிசை முறையில் ஊழியர்களே வானிலைக்கு ஏற்ற விண்ணப்பத்தை எடுத்து ஓட்டுவதால் அந்தக் கவலை குறைவு.

“ஏன் இந்தத் தொலைநோக்கி?” என்ற பெட்டிக்கு ஒரே பத்தி போதும், ஆனால் நேர்மையான பத்தி வேண்டும். 4 மீட்டர் கண்ணாடியில் முடிகிற வேலைக்கு 8 மீட்டர் கேட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள். அதே இலக்கை அதே கருவி ஏற்கெனவே பார்த்து, தரவு காப்பகத்தில் கிடந்தால் அதுவும் வெளிவந்துவிடும். பெரும்பாலான தொலைநோக்கிகளில் தரவு சில காலம், வழக்கமாக ஓர் ஆண்டு, விண்ணப்பித்தவருக்கு மட்டும் சொந்தம். அப்புறம் எல்லோருக்கும் திறந்துவிடும். எனவே படிவத்தைத் திறப்பதற்கு முன் காப்பகத்தைத் திறப்பது நல்லது. சில சமயம் விடை அங்கேயே கிடைத்து, விண்ணப்பமே தேவையில்லாமல் போகும்.

இந்த வரிசைக்கு வெளியேயும் வழிகள் உண்டு. ஒவ்வொரு வான்காணகத்திலும் இயக்குநர் தன் விருப்பப்படி கொடுக்கக் கொஞ்சம் நேரம் வைத்திருப்பார். 1995 டிசம்பரில் ஹப்பிளின் ஆய்வுகளை நடத்தும் நிறுவனத்தின் அப்போதைய இயக்குநர் ராபர்ட் வில்லியம்ஸ் அந்த நேரத்தைச் சப்தரிஷி மண்டலத்தின் அருகே, பார்வைக்கு ஒன்றுமே இல்லாத ஒரு துண்டு வானத்தின்மேல் செலவழித்தார். பத்து நாள், 342 எக்ஸ்போஷர். வீண் வேலை என்று அனுபவசாலிகள் சிலர் எச்சரித்திருந்தார்கள். கிடைத்த படத்தில் சுமார் 3,000 விண்மீன் மண்டலங்கள் இருந்தன. அதைச் சாதாரணக் குழுவுக்கு அனுப்பியிருந்தால் தேறியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. இலக்கு எது என்று கேட்டால் “தெரியாது”, என்ன தென்படும் என்றால் “பார்த்தால்தான் தெரியும்”. மேலே சொன்ன எல்லாப் பெட்டியிலும் அது தோற்றிருக்கும். அதனால் குழு முறை தப்பு என்று ஆகிவிடாது. அந்த முறையால் பிடிக்க முடியாததற்கென்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு வாசல், இன்னும் நடக்காத நிகழ்வுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்குவது. சூப்பர்நோவா எப்போது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் வெடித்தால் எத்தனை மணி நேரத்துக்குள், எந்தக் கருவியால், எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்று எழுதி அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளலாம். 2017 ஆகஸ்ட் 17-ல் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பலை வந்து, 1.7 வினாடி கழித்துக் காமாக் கதிரும் வந்தது. சுமார் 11 மணி நேரத்தில் அதன் ஒளியை என்ஜிசி 4993 என்ற மண்டலத்தில் கண்டுபிடித்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் உலகெங்கும் சுமார் 70 வான்காணகங்கள் அந்தப் பக்கம் திரும்பின. அவ்வளவு வேகமாகத் திரும்ப முடிந்ததில், இப்படி ஏற்கெனவே எழுதி வாங்கி வைத்திருந்த அனுமதிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

முடிவு வரும்போது வெறும் ஆம், இல்லை என்று வராது. ஆல்மாவில் ஏ, பி, சி என்று தரம் போடுவார்கள். ஏ கிடைத்தால் இந்தச் சுற்றில் முடியாததை அடுத்த சுற்றுக்கும் எடுத்துப் போகலாம். சி என்றால் வேறு எதுவும் ஓட்ட முடியாத நேரத்தில் இடைவெளி நிரப்பியாகப் போடுவார்கள், கிடைத்தால் லாபம். நிபந்தனைகளைத் தாராளமாக வைத்தவர்களுக்குத்தான் இந்த சி தரம் நிஜமாகப் பயன்படும். நிராகரிப்போடு சில வரிக் கருத்தும் வரும். “பன்னிரண்டு இலக்கு ஏன் என்று விளங்கவில்லை” என்று இருந்தால் அது தங்கம், அடுத்த கெடுவுக்குள் திருத்திவிடலாம். “நல்ல விண்ணப்பம், ஆனால் போட்டி கடுமை” என்று மட்டும் இருந்தால் அதில் திருத்த ஒன்றும் கிடையாது. அப்படி வந்தால் தலைகீழாக மாற்றி எழுதாமல் அதையே, இலக்குப் பட்டியலை மட்டும் புதுப் பருவத்துக்கு ஏற்பச் சரிபார்த்து, மறுபடி போடுங்கள். அடுத்த முறை படிப்பவர்கள் பெரும்பாலும் வேறு ஆட்கள்.